கையால் கற்ற பாடம்

மேரி கசாட் 1844ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தவர். ஓவியம் பயில 1866இல் பாரிசுக்குச் சென்றார். அங்கிருந்த அரசு ஓவியக் கல்லூரியோ அக்காலத்தில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எனினும், அவர் மனம் தளரவில்லை. லூவர் அருங்காட்சியகத்தில் அனுமதி பெற்று, பழைய ஓவியங்களைப் பார்த்து வரைந்து பழகினார்.

1873இல் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில், 17ஆம் நூற்றாண்டு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் தீட்டிய உருவப்படத்தைப் படியெடுத்தார். ஹால்ஸின் தூரிகை வீச்சு விரைவானது. அருகில் வெறும் வண்ணக் கீற்றுகளாகத் தெரிபவை, சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் முகமாகவும் உடையாகவும் மாறும். அந்த நுட்பம் கண்ணால் பார்த்தால் மட்டும் பிடிபடாது. கையால் செய்து பார்க்கவேண்டும்.

பின்னாளில் கசாட், தாயையும் சேயையும் தமக்கே உரிய பாணியில் தீட்டிப் புகழ்பெற்றார். அக்கல்லூரி 1897இல்தான் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அதற்குள் அவரது பெயர் ஓவிய உலகில் நிலைத்துவிட்டது.