கணினியின் நினைவும் விரைவும்

மரக்காணத்து உப்பளங்களில் உப்பு விளையும் முறையைக் கண்டவர்க்குக் கணினியின் உள்ளமைப்பு எளிதில் விளங்கும். கழியிலிருந்து வாய்க்கால் வழியே வரும் உவர்நீர் நேரே உப்பு விளையும் பாத்திக்குச் சென்றுவிடுவதில்லை. அகன்ற தேக்கப் பாத்திகளில் முதலில் நின்று, வெயிலிற் காய்ந்து, செறிவேறிய பின்னரே கடைப் பாத்திக்கு விடப்படுகின்றது. தேக்கம் சிறிதாயின், கடைப் பாத்தி எத்துணைச் செம்மையாக மிதித்துச் சமன் செய்யப்பட்டிருப்பினும், நீர் வரவை எதிர்நோக்கி வறிதே கிடக்க வேண்டியதுதான்.

கணினியிலும் இத்தகைய மூன்று நிலைகள் உள. செய்திகளையெல்லாம் நெடுங்காலம் சேமித்து வைக்கும் வன்தட்டு, கழியைப் போன்றது. அப்பொழுது வேண்டியவற்றை மட்டும் எடுத்து அருகில் வைத்துக்கொள்ளும் நினைவகம் தேக்கப் பாத்தி. இதனையே மக்கள் 'ரேம்' என வழங்குவர். கணக்கிடும் தொழிலைச் செய்யும் மையச் செயலகம் கடைப் பாத்தியாகும். நினைவகத்தைப் பெருக்குவதா, செயலகத்தை மாற்றுவதா என்னும் வினாவிற்கு விடை காண்பவர், நீர் எங்கே தடைப்படுகின்றது என்பதையே முதலில் காணவேண்டும்.

கணினி விளையாட்டில் இத்தடை கண்முன்னே தெரியும். திரையில் நொடிக்கு 60 படங்கள் தோன்றினால் ஆட்டம் ஆற்றொழுக்காகச் செல்லும். அங்ஙனமாயின் ஒரு படத்தை ஆக்குதற்குக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடியே. நினைவகத்திலிருந்து ஒரு செய்தியைப் பெறச் செயலகத்திற்கு ஏறத்தாழ 100 நானோநொடி ஆகும். அஃது அங்கே இல்லாமற்போய், சுழலும் வன்தட்டிலிருந்து பெறவேண்டி நேரிட்டால் 10 மில்லிநொடி வரை செல்லும். அதாவது ஓரிலட்சம் மடங்கு காலம்! இத்தகைய இரண்டு பயணங்கள் நேர்ந்தாலே ஒரு படத்தின் காலம் கடந்துவிடுகின்றது. ஓடிக்கொண்டிருந்த வீரன் திடீரென நின்று பின் பாய்வதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

1962ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து இளைஞர்கள் பி.டி.பி.-1 என்னும் கணினியில் விண்கலப் போர் விளையாட்டொன்றை அமைத்தனர். அக்கணினியின் நினைவகம் 4,096 சொற்களையே கொண்டது. இன்றைய அளவில் ஏறத்தாழ 9 கிலோபைட்டு. இன்று 8 ஜி.பி. நினைவகம் என்பது அதனினும் ஒன்பது இலட்சம் மடங்குக்கு மேற்பட்டது. இப்பெருக்கத்திற்கு வித்திட்டவர் ராபர்ட் டென்னார்டு என்னும் அறிஞர். ஒரு டிரான்சிஸ்டரும் மின்னூட்டம் தாங்கும் ஒரு சிறு மின்தேக்கியும் கொண்டு ஒரு பிட்டைக் காக்கும் முறைக்கு அவர் 1968இல் காப்புரிமை பெற்றார். அம்மின்னூட்டம் கசியும் இயல்பினது. ஆதலால் நொடிக்குப் பலமுறை அதனைப் புதுப்பித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். ஓதாத பாடம் மறந்துபோம் என்பதை மாணவர்க்குச் சொல்லவேண்டுவதில்லை. கணினியின் நினைவும் அத்தகையதே.

செயலகத்தின் வளர்ச்சியும் வியத்தற்குரியது. 1971இல் வெளிவந்த இன்டெல் 4004 ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்களைக் கொண்டிருந்தது. இன்றைய செயலகத்தில் அவற்றின் தொகை பல நூறு கோடியாகும்.

இனி, ஆரோவில்லை அடுத்துள்ள இடையஞ்சாவடியில் ஒரு மாணவனிடம், தமிழக அரசு 2011ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவன் அண்ணன் பெற்ற கணினி இருப்பதாகக் கொள்வோம். தொடக்கத்தில் வழங்கப்பட்டவற்றில் 2 ஜி.பி. நினைவகமே இருந்தது. ஆட்டம் தடைப்படுகின்றதென்று அவன் உடனே கடைக்குச் செல்லுதல் கூடாது. வீட்டார் உழைத்துச் சேர்த்த பணம் அது. கணினியிலேயே உள்ள 'டாஸ்க் மேனேஜர்' பக்கத்தைத் திறந்துவைத்து ஆடிப் பார்த்தல் வேண்டும். நினைவகம் நிரம்பி வன்தட்டு ஓயாது உழைக்குமாயின், குறை நினைவகத்தினது. திரைப்படத்தின் நுணுக்கத்தைக் குறைத்தவுடன் ஆட்டம் விரையுமாயின், குறை வரைகலைப் பகுதியினது. குறைத்தும் விரையவில்லையேல் செயலகத்தை ஐயுறலாம். இங்கு ஓர் ஏமாற்றமும் உண்டு. நான்கு கருக்களுள் ஒன்று மட்டும் முழுதும் உழைக்க, ஏனைய மூன்றும் சோம்பிக் கிடப்பின், மொத்தக் கணக்கு நூற்றுக்கு இருபத்தைந்து என்றே காட்டும். அதுகொண்டு செயலகம் ஓய்ந்திருக்கின்றதென்று எண்ணுதல் தவறு.

நினைவகம் வாங்குவோர் அதன் இனத்தை அறிதல் இன்றியமையாதது. டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்பவற்றின் வெட்டுவாய் வெவ்வேறிடத்தில் அமைந்திருப்பதால், ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. ஒரே அளவினவாகிய இரண்டு அட்டைகளை இரு வழிகளில் இட்டால் செய்தி செல்லும் பாதை இரட்டிக்கும். தனி வரைகலை அட்டை இல்லாத கணினி, படம் வரைவதற்கும் இப்பொது நினைவகத்தையே கடன்கொள்வதால், அதற்கு இதன் பயன் மிகுதி. 32 பிட்டு விண்டோஸ் உள்ள கணினியில் 4 ஜி.பி.க்கு மேல் இட்டும் பயனில்லை. 2025ஆம் ஆண்டின் இறுதியில் செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணினி நிலையங்கள் நினைவகத்தை வாங்கிக் குவித்ததனால் விலை பெரிதும் ஏறியதும் நினைவிற்குரியது. வன்தட்டை எடுத்துவிட்டு, சுழலும் தட்டில்லாத எஸ்.எஸ்.டி. இடுதல் சில பழைய கணினிகளுக்கு இவையனைத்தினும் மிக்க பயன் தரும்.

செயலகத்தை மாற்றுதல் இத்துணை எளிதன்று. மடிக்கணினிகள் பெரும்பாலனவற்றில் அது தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளது. ஆகவே அங்கே மாற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மேசைக் கணினியிலும் செயலகமும் பலகையும் ஒன்றையொன்று ஏற்பனவாதல் வேண்டும். 2017இல் வெளிவந்த இன்டெல் எட்டாந் தலைமுறைச் செயலகம் முந்திய பலகைகளின் பொருத்துவாய்க்கு உருவத்தில் ஒத்திருந்தும், அவற்றில் இயங்கவில்லை. உருவொப்புமை கண்டு வாங்கியவர் பலகையையும் வாங்கவேண்டியவராயினர். ஏ.எம்.டி. நிறுவனத்தாரோ ஏ.எம்.4 என்னும் ஒரே பொருத்துவாயைப் பல தலைமுறைகளுக்கு வைத்திருந்தனர். ஆயினும் பழைய பலகையின் பயாஸ் நிரலைப் புதுப்பித்த பின்னரே புதிய செயலகம் அதில் இயங்கும்.

கடலோர ஊர்களுக்கு உரிய மற்றொரு செய்தியும் உண்டு. உப்புக் காற்றும் ஈரமும் உலோகத்தை அரிப்பன; காற்றாடியின் இடுக்குகளில் தூசியும் படிந்து இறுகும். வெப்பம் வெளியேறாதபொழுது செயலகம் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் விரைவைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆட்டம் தொடங்கிய பத்து நிமிடம் வரை நன்றாக ஓடிப் பின்னர்த் தளர்வது இதன் அறிகுறி. மின்னிணைப்பை நீக்கித் தூசியைப் போக்கி, உலர்ந்துபோன வெப்பப் பசையை மாற்றினால் பழைய விரைவு மீளும். நினைவக அட்டையின் விளிம்பிலுள்ள பொன்னிறத் தொடுமுனைகளில் மாசு படிந்திருப்பின், பழுது பார்ப்போர் அதனை அழிப்பானால் மெல்லத் துடைத்து மீண்டும் பொருத்துவர். புதிய அட்டை வாங்கச் சென்றவர், பழையதையே கொண்டு திரும்புவதும் உண்டு.