வீட்டில் உருவாகும் மின்னிசை: கருத்துச் சொல்ல 12 குறிப்புகள்

பெங்களூருவின் தொம்மலூர் மாதிரி ஐ.டி. பிள்ளைகள் நிறைந்த பகுதியில், வேலை முடிந்து வந்து லேப்டாப்பும் ஹெட்போனுமாகப் பாட்டுக் கட்டுகிறவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். முடித்த கையோடு "கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று அவர்கள் வந்து நிற்பது அம்மாவிடமோ அக்காவிடமோ அறைத்தோழரிடமோதான். "சூப்பர்" என்றால் அதில் திருத்த ஒன்றுமில்லை. "ஒரே இரைச்சல்" என்றால் மனசு விட்டுப்போகும். இன்றிரவே உட்கார்ந்து சரிசெய்யும்படி ஒன்றைச் சொல்வதுதான் உதவி.

1. கேட்பதற்கு முன் ஒரு கேள்வி: "இது பாதியா, முடிஞ்சதா? மெட்டைச் சொல்லணுமா, மிக்ஸைச் சொல்லணுமா?" மிக்ஸ் என்றால் ஒலிகளை அளவோடு கலப்பது. மெட்டே இன்னும் முடியாத நிலையில் எக்கோ கூடுதல், குறைவு என்று பேசிப் பலனில்லை.

2. வாட்ஸ்அப்பில் வாங்கினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். வாய்ஸ் மெசேஜாகப் பதிந்து அனுப்பினால் ஒலியின் தரம் குறைந்துவிடும். இல்லாத குறையைப் பாட்டின் மேல் ஏற்ற நேரும்.

3. இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை நிறுத்தாமல், வேறு வேலை பார்க்காமல். இரண்டாம் முறை தாளும் பேனாவுமாக.

4. நிமிடக் கணக்கோடு சொல்லுங்கள். "நடுவுல போரடிக்குது" என்பதைவிட, "1:10-லிருந்து 1:50 வரைக்கும் அதே லூப் மாறாம ஓடுது, அங்க என் கவனம் போயிடுச்சு" என்பது கையில் பிடித்துக் கொடுத்த மாதிரி.

5. வெளிவந்த பாட்டோடு ஒப்பிட்டால் சத்தத்தைச் சமமாக்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் கூடுதல் சத்தமாக ஒலிப்பதே காதுக்கு நல்லதாகத் தோன்றும். மெதுவாகக் கேட்கும்போது அடிநாதம் காதில் குறைந்து விழும் என்பதை ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். மாஸ்டரிங் என்னும் இறுதி மெருகு முடிந்த பாட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒப்பிடுவதே நியாயம்.

6. மூன்று இடங்களில் கேளுங்கள்: ஹெட்போன், போன் ஸ்பீக்கர், கார். போன் ஸ்பீக்கரில் ஆழமான பேஸ் வராது. அதில் பேஸ் வரிசை சுத்தமாகக் காணாமல் போனால், அதே சுரங்களை ஒரு ஸ்தாயி மேலே மெலிதாகச் சேர்த்துப் பார்க்கச் சொல்லலாம். இன்னர் ரிங் ரோட்டில் வண்டி ஓடும் இரைச்சலிலும் பாடுபவர் சொல் புரிகிறது என்றால் குரலின் அளவு சரி.

7. கிக் டிரம்மும் பேஸும் மோதுகின்றனவா என்று கவனியுங்கள். புதியவர்களின் மிக்ஸில் அதிகம் தென்படும் குறை இது. இரண்டுமே ஏறக்குறைய 50 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் இடம் கேட்பவை. பேஸ் நுழைந்தவுடன் கிக்கின் அடி தொய்ந்துபோனால் மோதல் இருக்கிறது என்று அர்த்தம். கிக் விழும் கணத்தில் பேஸ் தானாகத் தணியும்படி சைட்செயின் போடலாம். பேஸ் சுரத்தின் நீளத்தைக் குறைக்கலாம். ஒன்றுக்கு வழிவிட்டு மற்றதை அந்த இடத்தில் ஈக்யூ (குறிப்பிட்ட ஹெர்ட்ஸ் பகுதியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) கொண்டு வெட்டலாம். இன்னொன்று: சின்ன வாடகை அறையில் மூலையோரம் பேஸ் திரண்டு நிற்கும். "பேஸ் ஜாஸ்தி" என்று சொல்லும் முன் இடம் மாறி உட்கார்ந்து ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

8. தொழில்நுட்பச் சொல் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். காதுக்குத் தோன்றுவதை வீட்டுத் தமிழில் சொன்னாலே அவர்களுக்கு வழி தெரியும். "அடைச்சாப்ல இருக்கு" என்றால் 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை பார்க்க வேண்டும். "காதைக் குத்துது" என்றால் 2,000 முதல் 5,000 வரை. "ஸ, ச வர்ற இடமெல்லாம் சீறுது" என்றால் 5,000 முதல் 8,000 வரை. "கிணத்துக்குள்ளேர்ந்து பாடுற மாதிரி இருக்கு" என்றால் ரிவெர்ப் (எதிரொலி) கூடிவிட்டது.

9. பாட்டுக் கற்றவர் வீட்டில் இருந்தால் ஸ்ருதியைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கிருந்தோ எடுத்துச் சேர்த்த குரலும் சிந்தசைசரும் கொஞ்சம் விலகி நிற்பது அடிக்கடி நடப்பது. பெங்களூரு ராடெல் நிறுவனத்தின் எலக்ட்ரானிக் தம்புரா வீட்டில் இருந்தால் அதை மீட்டவிட்டு, குரலைத் தனியாகவும் சிந்தசைசரைத் தனியாகவும் ஒட்டிப் பார்த்தால் எது விலகுகிறது என்று தெரிந்துவிடும்.

10. உங்கள் ரசனையைத் திணிக்காதீர்கள். திரும்பத் திரும்ப வருவது டெக்னோ இசையின் இலக்கணம், அது குறையில்லை. 1982-ல் மும்பைக் கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்ட் நிறுவனத்தின் 808, 303, ஜூபிடர் 8 என்ற மின்னிசைக் கருவிகளைக் கொண்டு டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார். அன்று அதைக் கவனித்தவர்கள் குறைவு. 2010-ல் மறுபடி வெளிவந்தபோது உலகெங்கும் மின்னிசை ரசிகர்கள் வியந்து கொண்டாடினார்கள். நமக்குப் பிடிக்கவில்லை என்பதும் பாட்டில் குறை இருக்கிறது என்பதும் வேறு வேறு.

11. ஒரு தடவைக்கு நிறை ஒன்று, திருத்தம் இரண்டு. நிறையையும் காரணத்தோடு சொல்லுங்கள்: "0:40-ல புல்லாங்குழல் நுழையுற இடத்துல பாட்டே திறந்துக்குது, அதை மட்டும் எடுத்துடாதே." சொல்லாமல் விட்டால் அடுத்த திருத்தத்தில் அந்த நல்ல இடமே போய்விடக்கூடும். திருத்தத்தைச் செய்து பார்க்கும் யோசனையாகச் சொல்லுங்கள்: "தம்பி, டிராப் (தாளம் முழுசா இறங்குற இடம்) வர்றதுக்கு முன்னால ஒரு விநாடி எல்லாத்தையும் நிறுத்திப் பாரேன்." விருந்தாளிகள் முன்னால் சொல்ல வேண்டாம். ரஹ்மானோடும் அனிருத்தோடும் ஒப்பிடவும் வேண்டாம்.

12. அவர்கள் காதையும் கவனியுங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர் 80 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். களைத்த காதில் செய்த மிக்ஸ் மறுநாள் காலையில் கூர்மையாகக் குத்தும். நேரம் கிடைக்கும்போது தொம்மலூரிலேயே உள்ள பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டருக்கு அழைத்துப்போய் நேரடிக் கச்சேரி ஒன்றைக் கேட்க வையுங்கள். மெய்யான மிருதங்கமும் வீணையும் எப்படி ஒலிக்கின்றன என்று காதுக்குத் தெரிந்தால் மிக்ஸும் தேறும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கருத்துச் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். திருத்திக் கொண்டுவந்த பாட்டை மறுபடி கேட்டு, என்ன தேறியிருக்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். தன் பாட்டை உட்கார்ந்து கேட்க வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்த பிள்ளை அடுத்த பாட்டையும் செய்வான், செய்வாள்.