வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்



சாவியை வைத்த இடம் மறப்பது முதுமையில் சகஜம். ஆனால் பல வருடம் நடந்து போன பள்ளிவாசலுக்கு வழி தெரியாமல் நிற்பதும், சாப்பிட்ட சற்று நேரத்தில் மீண்டும் சோறு கேட்பதும் டிமென்ஷியா எனும் மறதிநோயின் அறிகுறியாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பி12 சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்றது. இரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம், தனிமை ஆகியவற்றுடன் காது மந்தமும் அதில் இருக்கிறது. பாங்கு சரியாகக் கேட்கவில்லை என்று வாப்பா சொன்னால், காதைப் பரிசோதித்து, தேவையெனில் கருவி வாங்கிக் கொடுங்கள்.

நோய் கண்டவர் ரக்அத் எண்ணிக்கையில் தடுமாறினால் அதட்டாதீர்கள். பக்கத்தில் நின்று சேர்ந்து தொழுங்கள். அறிவு நீங்கியவர் மீது மார்க்கக் கடமை இல்லை. பெற்றோரிடம் சலித்து ஒரு சொல்லும் பேசக் கூடாது என்ற கட்டளையோ நம் மீது இருக்கிறது.