பள்ளிக்கூடத்துக்கு என்ன வேணும்? பட்டியலை யார் எழுதுவது?



போன மாதம் செம்மேட்டில் நடந்த கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: "கம்பெனிக்காரங்க அரசுப் பள்ளிக்குப் பணம் தர்றாங்களாமே, நாம யாரைப் போய்ப் பார்க்கணும்?" கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அன்று முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்த மாதப் பாடம் அதுதான்.

2013 கம்பெனிகள் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் தங்கள் மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அதில் அடக்கம். 2022 டிசம்பரில் தமிழக அரசு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தைத் தொடங்கியது. டி.வி.எஸ். வேணு சீனிவாசன் அதற்குத் தலைவராக்கப்பட்டார். கம்பெனிகள், பழைய மாணவர்கள், பொதுமக்கள் யாரும் இதன் வழியே அரசுப் பள்ளிக்கு உதவலாம்.

இது புதுசு இல்லை. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கியது. வாத்தியாரும் ஊராரும் உட்கார்ந்து பள்ளிக்கு என்னென்ன குறை என்று முதலில் பட்டியல் போடுவார்கள். பிறகுதான் யார் எதைத் தருவது என்ற பேச்சு. வசதி உள்ளவர் கட்டிடம் தந்தார், மற்றவர்கள் பெஞ்சு, கடிகாரம் என்று முடிந்ததைத் தந்தார்கள்.

பட்டியல் முதலில், கொடுப்பவர் பிறகு. இது மாறினால் என்ன ஆகும்? நாங்கள் போன ஒரு பள்ளியில் புதுக் கழிப்பறை பளபளவென்று இருந்தது. கொடுத்தவர் பெயர் சுவரில் பெரிசாக எழுதியிருந்தது. உள்ளே தண்ணீர்க் குழாய் இல்லை. பெண் பிள்ளைகள் பழையபடி காப்பித் தோட்டத்துக்குத்தான் போனார்கள். அங்கே ஒரு தாயைக் கேட்டிருந்தால், "முதல்ல தண்ணி வரட்டும் சார்" என்று சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

கேட்பதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும்; மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவது இந்தக் குழுவின் வேலை. நாம் குழுவில் போடும் நுண்கடன் திட்டம் மாதிரிதான் இதுவும். யாருக்கு மாடு, யாருக்கு மிளகுக்கொடி என்று எழுதாமல் வங்கிக்குப் போவோமா? ஆனால் பள்ளிக் குழுவில் நம் பெண்கள் பலர் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வருகிறார்கள். எங்களுக்கு அது வருத்தம்தான்.

இன்னொன்று. கம்பெனி கட்டிடம் தரும், பெஞ்சு தரும், கம்ப்யூட்டர் தரும். நிரந்தர வாத்தியாரைப் போடுவது அரசின் பொறுப்பு. அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்று அதே சட்டம் சொல்கிறது. நம் மலையில் சின்ன ஊர்ப் பள்ளியில் அந்த இருவரில் ஒருவர் லீவு போட்டால், ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். குடிதண்ணீரும், ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறையும் சட்டத்தில் உள்ளவை. கம்பெனி தரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, அரசிடமே கேட்கலாம்.

நாட்டு வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு வேண்டும் என்று கோத்தாரி குழு 1966-லேயே சொன்னது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் அதையே சொல்கிறது. இன்னும் எட்டவில்லை. முதலாளிகளும் கல்வியாளர்களும் சேர்ந்து நின்று இதைக் கேட்டால் அரசு காது கொடுக்கும். ஆகவே உதவி செய்ய வருகிறவர்களிடம், "எங்க பள்ளிக்கு வாத்தியார் வேணும்னு நீங்களும் மேலே சொல்லுங்க" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

மனு எழுதும் முன் உங்கள் பள்ளி எந்தத் துறை என்று தெரிந்துகொள்ளுங்கள். உண்டு உறைவிடப் பள்ளி என்றால் பழங்குடியினர் நலத் துறை. ஒன்றியப் பள்ளி என்றால் பள்ளிக் கல்வித் துறை. மாற்றிக் கொடுத்தால் 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போய் வெறுங்கையோடு ஏறி வர வேண்டியதுதான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச:

நம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் குழுப் பெண்கள் எத்தனை பேர்?

பள்ளி வளர்ச்சித் திட்டத்தை யாராவது படித்துப் பார்த்தோமா?

அதில் முதலில் வர வேண்டிய மூன்று என்ன? தீர்மான நோட்டில் எழுதி, ஊக்குநர் மூலம் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள்.