துறைமுக ஷேர் வாங்கலாமா? பணம் போடும் முன் ஒரு பாடம்



போன மாதம் ஆரணியில் ஒரு குழுக் கூட்டம். சந்தா வசூல் முடிந்து தீர்மான நோட்டை மூடும் நேரத்தில், பட்டுத்தறி நெய்யும் ஒரு அக்கா கேட்டார்:

"காட்டுப்பள்ளி துறைமுகத்தைப் பெருசாக்கப் போறாங்களாமே மேடம். இப்பவே ஷேர் வாங்கினா ரெண்டு வருஷத்துல ரெட்டிப்பாகும்னு தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்றார். ஆளுக்கு ஐயாயிரம் அவர்கிட்ட கொடுத்தா போதுமாம். குழு சேமிப்புல இருந்து எடுக்கலாமா?"

அதே சேமிப்பை நம்பித்தான் இன்னொரு உறுப்பினர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு உள்கடன் கேட்டிருந்தார். அதனால் இதைப் பாடமாகவே எழுதுகிறேன்.

பங்கு என்றால் என்ன?

நான்கு பேர் பணம் போட்டு ஒரு தறி வாங்குகிறோம். புடவை விற்றால் லாபத்தில் பங்கு; விற்காவிட்டால் நஷ்டத்திலும் பங்கு. கம்பெனி ஷேரும் அப்படித்தான். வட்டி கிடையாது, அசலுக்கு உத்தரவாதமும் கிடையாது.

காட்டுப்பள்ளி விஷயம்

இது திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. 2018-ல் எல் அண்டு டி நிறுவனத்திடமிருந்து அதானி துறைமுக நிறுவனம் இதை வாங்கியது. 330 ஏக்கர் துறைமுகத்தை 6,111 ஏக்கராக விரிவாக்கத் திட்டம் போட்டார்கள். பழவேற்காடு பகுதி மீனவர்கள் எதிர்த்தார்கள். 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் நடக்க இருந்த கருத்துக்கேட்புக் கூட்டங்கள் தள்ளிப்போயின. திட்டத்தை நம்பிப் பணம் போடுவது, பாவு ஏற்றும் முன்பே புடவையை விற்றதாகக் கணக்கு எழுதுவது போல. அங்கே மீன் விற்றுப் பிழைக்கும் பெண்களின் கதி என்ன என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. காட்டுப்பள்ளிக்கு மட்டும் என்று தனி ஷேர் சந்தையில் இல்லை. முந்த்ரா, கிருஷ்ணபட்டினம், காரைக்கால் என்று பல துறைமுகங்கள் வைத்திருக்கும் பெரிய கம்பெனியின் ஷேரைத்தான் வாங்க முடியும். பக்கத்திலுள்ள எண்ணூர் காமராஜர் துறைமுகத்தின் பங்குகள் முழுவதும் 2020 முதல் சென்னைத் துறைமுகத்தின் கையில் உள்ளன. அதன் ஷேர் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

விலை ஏறும், இறங்கும்

2023 ஜனவரி 24 அன்று அதானி துறைமுக ஷேர் ஒன்றின் விலை சுமார் 760 ரூபாய். அந்தக் குழுமத்தின் மீது ஒரு அமெரிக்க நிறுவனம் குற்றம் சாட்டி அறிக்கை வெளியிட்டது. குழுமம் மறுத்தது. ஆனாலும் பிப்ரவரி 2-ல் விலை சுமார் 460. பத்து ஷேர் வைத்திருந்தவருக்கு 7,600 ரூபாய் 4,600 ஆனது. 2024 ஜனவரியில் விலை 1,000 ரூபாய்க்கு மேல் இருந்தது. காத்திருக்க முடிந்தவர் பிழைத்தார். அந்தப் பிப்ரவரியில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்றவருக்கு நஷ்டம்தான்.

நம்மால் காத்திருக்க முடியுமா? பட்டு நூல் விலை ஏறினால், தறி நின்றால், முதலில் நாம் தேடுவது குழுச் சேமிப்பைத்தானே?

நினைவில் வைக்க வேண்டியவை

1. குழுவின் பொதுப் பணத்தை ஷேரில் போடக்கூடாது. அது உள்கடனுக்கும் அவசரத்துக்கும் உரியது.
2. கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ ஷேர் வாங்கக்கூடாது.
3. சொந்தமாக மிச்சப் பணம் இருந்து வாங்க விரும்பினால், உங்கள் பெயரில் பான் கார்டு, வங்கிக் கணக்கு, டீமேட் கணக்கு வேண்டும். செபியில் பதிவு பெற்ற புரோக்கர் மூலமே வாங்குங்கள். தனி நபர் கையில் பணம் கொடுக்காதீர்கள்.
4. "நிச்சயம் ரெட்டிப்பாகும்" என்று ஷேரில் யாரும் உறுதி தர முடியாது. அப்படிச் சொன்னாலே உஷாராகுங்கள். சந்தேகம் இருந்தால் செபியின் இலவசத் தொலைபேசி 1800 22 7575.

அன்றைய கூட்டத்தில் எல்லோரும் பேசி, பணம் எடுப்பதில்லை என்று தீர்மானம் எழுதினார்கள். கல்லூரிக் கட்டணத்துக்கு உள்கடன் அன்றே கொடுக்கப்பட்டது. கேள்வி கேட்ட அக்காதான் முதலில் கையெழுத்துப் போட்டார். "கேட்டது நல்லதாப் போச்சு மேடம், கேக்காம குடுத்திருந்தா?" என்றார்.

உங்கள் குழுவில் கலந்து பேசுங்கள்

* நம் சேமிப்பில் அவசரத்துக்கு எவ்வளவு ஒதுக்கி வைத்திருக்கிறோம்?
* பணம் ரெட்டிப்பாகும் என்று நம் ஊரில் யாராவது கேட்டு வந்தார்களா? ரசீது என்ன கொடுத்தார்கள்?
* போட்ட பணம் பாதியானால் நம் வீட்டில் எந்தச் செலவு நின்று போகும்?