நிரல் ஏற்ற ஒரு வாயில்

சென்ற ஆண்டு எங்கள் ஆய்வுக்கூடத்து மின்னுலை ஒரு வாரத்திற்கு எனக்கெனக் கிடைத்தது. அந்த ஏழு நாட்களில் மூன்றை, இரண்டு மின்தடைகளைப் பலகையில் வைக்க மறந்த குறையால் இழந்தேன். இவ்வாண்டு செயல்திட்டம் செய்யப் புகும் நண்பர்களுக்கு அவ்விழப்பு நேரலாகாது என்றே இதனை எழுதலானேன்.

மைக்ரோகண்ட்ரோலர் என்பது ஒரே சில்லுக்குள் அடங்கிய சிறு கணிப்பொறி என்பதை நாம் அறிவோம். அதனை நடத்தும் நிரலை அதன் நினைவகத்தில் ஏற்றியாக வேண்டும். 1980இல் இன்டெல் வெளியிட்ட 8051 குடும்பத்தில், 8751 என்னும் சில்லின் தலையில் ஒரு சாளரம் இருக்கும். சில்லைப் பலகையிலிருந்து கழற்றிப் புறஊதா விளக்கின்கீழ் வைத்து, பழைய நிரலை அழித்த பின்னரே புதியதை ஏற்ற இயலும். இன்று அத்தொல்லை இல்லை. நம் மாணவர் பெரிதும் கையாளும் ஏடிமெகா 328பி பலகையில் இருந்தபடியே நிரலை ஏற்றுக்கொள்ளும். அதன் 32 கிலோபைட் நினைவகத்தை 10,000 முறை அழித்தெழுதலாம். ஆனால் அதற்கு வழிவிட்டுப் பலகையை வரைந்திருக்க வேண்டும்!

வேண்டுவன ஆறே கம்பிகள். மின்னழுத்தம், தரை, ரீசெட், கடிகாரத் துடிப்பைத் தரும் எஸ்.சி.கே., சில்லுக்குள் செல்லும் மோசி, வெளிவரும் மிசோ. ரீசெட் காலைத் தாழ்த்திப் பிடித்திருக்கும்போதுதான் சில்லு நிரலேற்றியின் சொல்லைக் கேட்கும்.

என் கதைக்கு வருகிறேன். உலையின் வெப்பத்தை அளக்க ஒரு தெர்மோகப்பிளையும், அதன் அழுத்தத்தை எண்ணாக்கும் மாக்ஸ் 6675 என்னும் சில்லையும் வைத்திருந்தேன். அச்சில்லு தரும் எண்ணில் ஒவ்வொன்றும் கால் டிகிரி. நானோ அரை டிகிரி என்று எழுதிவிட்டேன். உலை 300 டிகிரியில் இருக்க, என் கருவி 600 என்றது. ஒரு வரியைத் திருத்தினால் போதும். நிரலேற்றியை மாட்டினேன், சில்லையே காணோம் என்றது. கம்பியை மாற்றினேன், நிரலேற்றியை மாற்றினேன், சில்லையே மாற்றினேன். மூன்றாம் நாள் மாலை, தற்செயலாக 6675ஐக் கழற்றியபோது நிரல் உடனே ஏறியது.

காரணம் எளிது. 6675உம் அதே எஸ்.சி.கே., மிசோ கம்பிகளில்தான் பேசுகிறது. யார் பேசுவது என்பதைத் தேர்வுக் கம்பி முடிவு செய்யும். அது தாழ்ந்தால் 6675 பேசும். ரீசெட்டில் இருக்கும்போது நம் சில்லு தன் கால்களையெல்லாம் விட்டுவிடுகிறது. பிடிப்பாரற்ற தேர்வுக் கம்பி தாழ்ந்துவிட, இருவரும் ஒரே கம்பியில் ஒருங்கே பேசினர். தேர்வுக் கம்பியிலிருந்து மின்னழுத்தக் கம்பிக்கு 10 கிலோஓம் மின்தடை ஒன்று வைத்தால் 6675 வாய்மூடும். அதன் வெளியீட்டுக்கும் மிசோவுக்கும் இடையே 1 கிலோஓம் ஒன்று வைத்தால், அது தவறிப் பேசினாலும் நம் சில்லின் குரலே வெல்லும். ஆறு கால் இணைப்பான் அந்த மின்தடைக்குச் சில்லின் பக்கம் இருக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

ரீசெட் காலுக்கும் 10 கிலோஓம் வேண்டும். இரைச்சலுக்கு அஞ்சி அங்கே பெரிய மின்தேக்கி வைப்பாரும் உளர்; அது துடிப்பை மழுக்கிவிடும். 3.3 வோல்ட்டுப் பலகைக்கு 5 வோல்ட்டு நிரலேற்றி ஆகாது. புதிய சில்லு 1 மெகாஹெர்ட்சில் ஓடுவதால் எஸ்.சி.கே. அதன் நாலில் ஒன்றான 250 கிலோஹெர்ட்சுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும். அவசரக்காரர்கள் இதில்தான் இடறுவர்.

ஃப்யூஸ் பிட்டுகளில் விளையாடுவது வேறு வகை ஆபத்து. படிகம் இல்லாத பலகையில் வெளிப்படிகம் என்று குறித்துவிட்டால் சில்லு ஊமையாகும். எக்ஸ்டால் 1 காலில் வெளியிலிருந்து துடிப்புக் கொடுத்து எழுப்பலாம். ஒரு கால் மிச்சமாகும் என்றெண்ணி ரீசெட்டை நிறுத்திவிட்டாலோ, சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். பிறகு 12 வோல்ட்டு இணைவழி நிரலேற்றியைத் தேட வேண்டும். அதற்குப் பல கால்கள் தேவையாதலால் சில்லைப் பலகையிலிருந்து பெயர்த்தெடுக்கவும் நேரும்.

இணைப்பானுக்கு இடமில்லை என்று சிலர் சொல்வர். ஆறு செப்புப் புள்ளிகளையாவது விட்டு வையுங்கள். ஊசிமுனைகளை அழுத்திப் பிடித்தும் நிரல் ஏற்றலாம். என் கருவி இப்போது தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியின் பக்கத்தில், மூடியைக் கழற்றாமலே இணைப்பானைத் தொடும்படி ஒரு துளை அறுத்திருக்கிறேன்.