கதிரை வென்ற நுண்ணுயிர்

கோடையில் ஸ்ரீவில்லிபுத்தூர், இராசபாளையம் பகுதிக் கண்மாய்கள் வற்றுவதுண்டு. அப்போது கரம்பை மண் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். அம்மண்ணில் உயிரே இல்லை என்று காண்போர் எண்ணுவர். ஆயினும், அதன் ஒரு பிடியில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் மழையை எதிர்நோக்கி உறங்குகின்றன. அறிவியலாரை மலைக்க வைத்த புதிர் ஒன்றிற்கு இத்தகைய வறட்சியே விடையாயிற்று.

1956ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஆர்தர் ஆண்டர்சன் என்பார் தகரப் பெட்டியில் அடைத்த இறைச்சியின்மீது காமாக் கதிர்களைச் செலுத்தினார். கிருமிகள் மடிந்தால் உணவு கெடாது என்பது அவர் கருத்து. எனினும் இறைச்சி கெட்டது. உருண்டை வடிவமும் செந்நிறமும் கொண்ட நுண்ணுயிர் ஒன்று அதில் உயிர்த்திருந்தது. அது இன்று டைனோகாக்கஸ் ரேடியோடூரன்ஸ் எனப்படுகிறது. மனிதனைக் கொல்ல 5 கிரே அளவுக் கதிர் போதும். இதுவோ 5,000 கிரேயையும் தாங்கும்.

கதிர் இதனைத் தாக்காமல் இல்லை. இதன் டி.என்.ஏ. இழை நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகளாக அறுகிறது. ஆனால், ஒவ்வோர் உயிரணுவிலும் அவ்விழைக்குப் பல படிகள் உள்ளன. சிதைந்த ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கி உ. வே. சாமிநாதையர் பழந்தமிழ் நூல்களை மீட்டார் அன்றோ? அதுபோல இவ்வுயிரும் ஒரு படியின் குறையை மற்றொரு படிகொண்டு நிரப்பி, சில மணி நேரத்தில் இழையை இணைத்துக்கொள்கிறது.

1999ஆம் ஆண்டில் இதன் மரபணுத்தொகுதி முழுவதும் படித்தறியப்பட்டது. அதில் ஏறத்தாழ 32,84,000 எழுத்திணைகள் இருந்தன. புதுமையான கருவிகளை எதிர்பார்த்தோர் வியப்புற்றனர். பழுது நீக்கும் மரபணுக்களுள் பெரும்பாலானவை பிற பாக்டீரியங்களிலும் காணப்படுவனவே. உயிரணுவில் மிகுந்துள்ள மாங்கனீசும் இதற்குத் துணைபுரிகிறது என்பது 2004ஆம் ஆண்டில் புலனாயிற்று.

நிலவுலகில் எங்கும் இயற்கையாக இல்லாத கடுங்கதிரைத் தாங்கும் ஆற்றல் இதற்கு எவ்வாறு வாய்த்தது? கதிரைத் தாங்க இயலாத இதன் திரிபு வகைகள் உலர்ச்சியையும் தாங்காமல் மடிந்தன என்று 1996ஆம் ஆண்டில் மாட்டிமோர், பாட்டிஸ்டா என்னும் இருவர் கண்டனர். நீரின்மையும் இழையை அறுப்பதே. ஆகவே, வறட்சியை எதிர்க்கப் பெற்ற ஆற்றலே கதிரையும் வெல்கிறது என அவர்கள் கருதினர்.

மும்பைப் பாபா அணு ஆராய்ச்சி மைய அறிஞர்கள், வேறொரு பாக்டீரியத்தின் மரபணுவை இதனுட் புகுத்தி, நீர்த்த கரைசலிலிருந்து யுரேனியத்தைப் படியச் செய்தனர். அச்செய்தி 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அணுக்கழிவைத் தூய்மை செய்தல் அரிய பணி. அதற்கு உதவும் துணைவன் கண்ணுக்குப் புலப்படாச் சிற்றுயிர்களுள் ஒன்றாக இருத்தல் கூடும்.